பிரேசில் லீகை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் பிரேசிலின் முதல் பிரிவான செரி ஏ பக்கம் வந்ததும் முதலில் திறப்பது புள்ளிப்பட்டியலைத்தான். குழப்பமும் அங்கேயே தொடங்கிவிடும். ஐந்தாம் இடத்தில் இருக்கும் அணி மற்றவர்களைவிட இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கும். முதலிடத்துக்குப் போட்டியிடும் அணி ஞாயிற்றுக்கிழமை பாதி அணியை மாற்றி இறக்கி, கடைசி இடத்து அணியிடம் தோற்றிருக்கும். தோற்ற பயிற்சியாளரிடம் கேட்டால், புதன்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்.

இந்த லீகைப் பட்டியலை மட்டும் வைத்துப் படிக்க முடியாது. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் உலகத்தின் மிகத் திறந்த, மிகக் கடுமையான லீக்குகளில் ஒன்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். 2003இலிருந்து 2025 வரை ஒன்பது வெவ்வேறு கிளப்புகள் இங்கே பட்டம் வென்றிருக்கின்றன. வேறு எந்தப் பெரிய லீகிலும் இதைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அடிப்படை விதிகள் எளியவை. 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை மோதும். மொத்தம் 38 சுற்று. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. பிளே-ஆஃப், இறுதிப்போட்டி எதுவும் கிடையாது. அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். 2003இல் இந்த முறை வந்தபோது 24 அணிகள் இருந்தன. 2005இல் 22 ஆகி, 2006 முதல் 20 என்று நிலைத்துவிட்டது. கடைசி நான்கு இடங்களில் முடிப்பவர்கள் இரண்டாம் பிரிவான செரி பிக்கு இறங்குவார்கள். ரசிகர்கள் இந்த லீகை ‘பிரசிலெய்ராவ்’ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

படி 1: லீகுக்கு முன் நாட்காட்டி

பிரேசிலில் சீசன் என்றால் ஒரு காலண்டர் ஆண்டு. ஒரு பெரிய கிளப் அந்த ஆண்டுக்குள் நான்கு போட்டிகளில் ஆடிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் மாநில சாம்பியன்ஷிப், பிறகு பிரசிலெய்ராவ், கூடவே நாக்-அவுட் கோப்பையான கோப்பா டோ பிரேசில், அதோடு தென் அமெரிக்கக் கண்ட அளவிலான கிளப் போட்டியான லிபெர்டடோரஸ் அல்லது அதற்கு அடுத்த நிலையில் உள்ள சுடாமெரிக்கானா. ஆண்டுக்கு 60 ஆட்டம் சர்வசாதாரணம். எல்லாப் போட்டிகளிலும் கடைசி வரை போகும் அணி 70ஐத் தாண்டும்.

பழைய கட்டுரைகளில் ‘லீக் ஏப்ரலில் தொடங்கும்’ என்று படித்திருப்பீர்கள். 2025 வரை அது சரி. மாநிலப் போட்டிகள் முடிந்த பிறகுதான், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, முதல் சுற்று நடக்கும். 2026க்கு பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பான சிபிஎஃப் இதை மாற்றியது. மாநிலப் போட்டிகள் ஜனவரி 11 முதல் மார்ச் 8 வரை, அதிகபட்சம் 11 ஆட்டநாட்கள். லீக் ஜனவரி 28 தொடங்கி டிசம்பர் 2 வரை. அதாவது முதல் சில வாரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரையிலான உலகக் கோப்பைக்காக நடுவில் நீண்ட இடைவெளி.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் வரைந்து நான்கு வண்ணங்களில் குறியுங்கள். லீக் பெரும்பாலும் சனி, ஞாயிறு. கோப்பையும் லிபெர்டடோரஸும் செவ்வாய், புதன், வியாழன். உங்கள் அணியின் வாரநடு ஆட்டம் வெளிநாட்டில் என்றால், அதற்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு லீக் ஆட்டங்களையும் வட்டமிடுங்கள். புள்ளி நழுவுவது பெரும்பாலும் அந்த வட்டங்களுக்குள்தான்.

உள்நாட்டுப் பயணமே சாதாரணமானதல்ல. 2026இல் தெற்குக் கோடியில் போர்ட்டோ அலெக்ரேயின் கிரேமியோ, இன்டர்நேசியொனல். வடக்கில் அமேசான் முகத்துவாரத்துக்கு அருகே பெலேமின் ரெமோ. இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். புதன் இரவு ஆடிவிட்டு விமானம் ஏறி, 12 டிகிரி குளிரிலிருந்து 32 டிகிரி புழுக்கத்துக்குள் இறங்கி ஞாயிறு மாலை ஆடுகிற அணியைப் பார்த்து ‘ஓடவே மாட்டேன் என்கிறார்கள்’ என்று சொல்லும் முன் நாட்காட்டியை ஒரு முறை பாருங்கள்.

படி 2: பட்டியலைப் பிழையில்லாமல் படிப்பது

பிரேசில் தளங்களில் பட்டியலின் தலைப்பில் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சுருக்கங்கள்தான் இருக்கும். ‘ஜே’ ஆடிய ஆட்டம், ‘வி’ வெற்றி, ‘இ’ டிரா, ‘டி’ தோல்வி, ‘ஜிபி’ அடித்த கோல், ‘ஜிசி’ வாங்கிய கோல், ‘எஸ்ஜி’ கோல் வித்தியாசம். ஆங்கிலப் பட்டியலில் ‘டி’ என்றால் டிரா; இங்கே அதே எழுத்து தோல்வியைக் குறிக்கும். ‘பத்து டிரா, பரவாயில்லையே’ என்று நீங்கள் நினைக்கும் அணி பத்து முறை தோற்றிருக்கும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த ஒரு எழுத்தில்தான்.

கடைசியில் ஒரு சதவீதம் இருக்கும். எடுத்த புள்ளியை, எடுத்திருக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியால் வகுத்து வருவது அது. 20 ஆட்டத்தில் 36 புள்ளி என்றால் 36ஐ 60ஆல் வகுத்து 60 சதவீதம். ஆட்ட எண்ணிக்கை அணிக்கு அணி வேறுபடும் காலங்களில் இந்தச் சதவீதத்தை நம்புங்கள், இடத்தை நம்பாதீர்கள்.

ஆட்ட எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது? தள்ளிவைக்கப்படும் ஆட்டங்கள்தான் காரணம். கண்ட அளவிலான போட்டி குறுக்கிட்டால் தள்ளும். மைதானம் கிடைக்காவிட்டால் தள்ளும். 2024 மே மாதம் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியபோது லீகின் இரண்டு சுற்றுகளே நிறுத்தப்பட்டன. கிரேமியோவும் இன்டர்நேசியொனலும் பல வாரம் சொந்த ஊரில் ஆட முடியாமல் அலைந்தன. இப்படித் தள்ளிய ஆட்டம் எப்போது, எந்த எதிரணியோடு என்று உங்கள் தாளில் தனியாக எழுதி வையுங்கள். கையில் இரண்டு ஆட்டம் இருக்கிறது என்பதை ஆறு புள்ளி என்று கணக்கிடாதீர்கள். அந்த ஆட்டங்கள் ஏற்கெனவே நெருக்கடியான வாரங்களுக்குள் திணிக்கப்படும். களைத்த கால்களோடுதான் ஆட வேண்டியிருக்கும்.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கை. கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அடுத்து அடித்த கோல், இரண்டு அணிகள் மட்டுமே சமமாக இருந்தால் நேருக்கு நேர் முடிவு, பிறகு குறைவான சிவப்பு அட்டை, குறைவான மஞ்சள் அட்டை, கடைசியில் குலுக்கல். இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். 12 வெற்றி, 9 டிரா, 17 தோல்வி என்றால் 45 புள்ளி. 11 வெற்றி, 12 டிரா, 15 தோல்வி என்றாலும் 45தான். இரண்டாவது அணி குறைவாகத் தோற்றிருக்கிறது, கோல் வித்தியாசமும் நன்றாக இருக்கலாம். ஆனாலும் கீழேதான் நிற்கும். கடைசி நிமிடங்களில் ஒரு புள்ளியைக் காப்பாற்றாமல் பிரேசில் அணிகள் ஏன் தலைதெறிக்க முன்னேறுகின்றன என்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

இனி கோடுகள். முதல் நான்கு இடம் ‘ஜி-4’: நேரடியாக லிபெர்டடோரஸ் குழு நிலை. அதற்கடுத்து வருபவர்கள் லிபெர்டடோரஸின் தகுதிச் சுற்றுக்கு, அதற்குக் கீழே ஒரு கொத்து அணிகள் சுடாமெரிக்கானாவுக்கு. கடைசி நான்கு ‘இசட்-4’. இதில் ஜி கோடு நிலையானது அல்ல. மேலே இருக்கும் அணியே லிபெர்டடோரஸையோ கோப்பா டோ பிரேசிலையோ வென்றுவிட்டால் அந்த அணிக்கு இரண்டு வழியில் இடம் கிடைக்கிறது. மிச்சமான இடம் பட்டியலில் கீழே நகரும். 2025இல் ஃபிளமெங்கோ லீகையும் வென்றது, லிபெர்டடோரஸையும் வென்றது. அதனால் ஐந்தாமிடத்து ஃபுளுமினென்சே நேரடியாகக் குழு நிலைக்குப் போனது. ஏழாமிடத்து பாஹியாவுக்குக்கூடத் தகுதிச் சுற்று கிடைத்தது. ஆகவே ஆறாம், ஏழாம், எட்டாம் இடத்து அணிகளைப் பின்தொடர்கிறவர்கள் ஆண்டுக் கடைசியில் வரும் கோப்பை முடிவுகளையும் பார்த்தே ஆக வேண்டும்.

படி 3: நேரத்தை மாற்றிக்கொள்வது

ஆட்ட நேரம் எப்போதும் பிரசிலியா நேரத்தில்தான் அறிவிக்கப்படும். இந்தியாவும் இலங்கையும் அதைவிட எட்டரை மணி நேரம் முன்னே. 2019இல் பிரேசில் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டது. எனவே ஆண்டு முழுக்க இதே கணக்கு. வழக்கமான நேரங்கள் இப்படி மாறும்:

- ஞாயிறு காலை 11:00: நமக்கு ஞாயிறு இரவு 7:30
- ஞாயிறு மாலை 4:00: திங்கள் நள்ளிரவு தாண்டி 12:30
- ஞாயிறு மாலை 6:30: திங்கள் அதிகாலை 3:00
- புதன் இரவு 7:00: வியாழன் அதிகாலை 3:30
- புதன் இரவு 9:30: வியாழன் காலை 6:00

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் 11 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். லண்டன், டொரன்டோவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள கோடைக்கால மாற்றத்தால் ஆண்டில் இரண்டு முறை ஒரு மணி நேரம் மாறும்.

நம் ஊரில் சனி இரவு விழித்திருந்தால் கிடைப்பது பிரேசிலின் சனிக்கிழமை ஆட்டம். ‘ஞாயிறு ஆட்டம்’ என்று அலாரம் வைத்து ஞாயிறு அதிகாலையில் எழுந்தால் ஏமாற்றம்தான். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது புதன், வியாழன் இரவு 9:30 ஆட்டங்கள். காலைக் காப்பியோடு முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

படி 4: அட்டவணை இரண்டு முறை வரும்

சிபிஎஃப் முதலில் வெளியிடுவது அடிப்படை அட்டவணை. 38 சுற்றிலும் யாரோடு யார், யாருடைய ஊரில் என்பது அதில் இருக்கும்; தேதி மட்டும் தோராயம். பிறகு சில சுற்றுகளாகப் பிரித்து விரிவான அட்டவணை வரும். சரியான நாள், மணி, மைதானம், ஒளிபரப்பு எல்லாம் அதில்தான். அடிப்படை அட்டவணையைப் பார்த்து மொபைலில் ஆண்டு முழுவதற்கும் நினைவூட்டல் வைத்தால் பாதி தவறிப்போகும். விரிவான அட்டவணை வந்த பிறகும், ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன் இன்னொரு முறை சரிபாருங்கள்.

மைதானமும் மாறும். பால்மெய்ராஸின் அலியான்ஸ் பார்க்கேயில் இசை நிகழ்ச்சி என்றால் அந்த அணி பாருவேரிக்குப் போய் ஆடும். மரக்கானாவை ஃபிளமெங்கோவும் ஃபுளுமினென்சேயும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் அடுத்தடுத்து ஆடும் வாரங்களில் புல்தரையின் நிலை ஆட்டத்தின் வேகத்தையே மாற்றிவிடும்.

ஒளிபரப்பு விஷயத்தில் ஒன்று தெரிந்தால் போதும். 2021இல் வந்த சட்டப்படி ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமை சொந்த ஊர் அணிக்குத்தான். கிளப்புகள் இரண்டு கூட்டணிகளாகப் பிரிந்து உரிமையை விற்கின்றன. அதனால் பிரேசிலுக்குள்ளேயே ஒரே அணியின் சொந்த ஊர் ஆட்டமும் வெளியூர் ஆட்டமும் வெவ்வேறு இடத்தில் வரலாம். வெளிநாட்டு உரிமை நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். சீசன் தொடங்கும் வாரத்தில் உங்கள் நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து மாதச் சந்தாவாக எடுங்கள். உலகக் கோப்பை ஆண்டில் ஆண்டுச் சந்தா கட்டினால் இடைவெளி மாதத்துக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள்.

படி 5: ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர்களைப் பிரித்தறியுங்கள்

20 அணிகளையும் ஒரே நேரத்தில் பின்தொடர முயன்றால் மே மாதத்துக்குள் கைவிட்டுவிடுவீர்கள். ஓர் அணியை உங்களுடையதாக எடுங்கள். அதன் எதிரணிகள் வழியாக மற்ற 19ஐயும் தெரிந்துகொள்ளலாம். பட்டத்துக்குப் போட்டியிடும் அணி வேண்டும் என்றால் ஃபிளமெங்கோ, பால்மெய்ராஸ். எங்கள் பரிந்துரை நடுப்பட்டியல் அணி. அந்த அணிக்கு மேலே லிபெர்டடோரஸ் கோடு, கீழே இசட்-4. 38 சுற்றும் ஏதோ ஒன்று பணயத்தில் இருக்கும். சாவ் பாலோ மாநிலத்தில் அறுபதாயிரம் பேர் சொச்சம் வாழும் சிற்றூரான மிராசோலின் அணி, 2025இல் முதல் முறை செரி ஏவுக்கு வந்து 67 புள்ளியோடு நான்காமிடம் பிடித்தது. அதைச் சுற்றுக்குச் சுற்று பார்த்தவர்களுக்குக் கிடைத்த சீசன் சாம்பியனின் ரசிகர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்ததல்ல.

பெயர்க் குழப்பம் நிறைய. பெலோ ஒரிசோன்ட்டேயின் அத்லெட்டிகோ மினெய்ரோ வேறு, குரிட்டிபாவின் அத்லெட்டிகோ பரனயென்சே வேறு. குரிட்டிபா ஊரின் இன்னொரு அணியின் பெயர் கொரிட்டிபா. ‘சாவ் பாலோ’ ஊரும்தான், மாநிலமும்தான், கிளப்பும்தான். வர்ணனையாளர் ‘டிரிகலர்’ என்றால் அது சாவ் பாலோ, ஃபுளுமினென்சே, கிரேமியோ, பாஹியா இவர்களில் யாராகவும் இருக்கலாம். எந்த ஊர் ஆட்டம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘காலோ’ என்றால் அத்லெட்டிகோ மினெய்ரோ, ‘ரபோசா’ குருசெய்ரோ, ‘டிமாவ்’ கொரிந்தியன்ஸ், ‘வெர்டாவ்’ பால்மெய்ராஸ், ‘பெய்ஷே’ சாண்டோஸ், ‘கொலொராடோ’ இன்டர்நேசியொனல். இந்த ஆறு போதும், பாதி வர்ணனை புரிந்துவிடும்.

உள்ளூர்ப் பகை ஆட்டங்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்: ரியோவில் ஃபிளா-ஃபுளு, ஃபிளமெங்கோ–வாஸ்கோ; போர்ட்டோ அலெக்ரேயில் கிரே-நால் (கிரேமியோ–இன்டர்நேசியொனல்); சாவ் பாலோவில் கொரிந்தியன்ஸ்–பால்மெய்ராஸ்; பெலோ ஒரிசோன்ட்டேயில் அத்லெட்டிகோ–குருசெய்ரோ; சால்வடோரில் பா-வி (பாஹியா–விட்டோரியா). இவற்றில் பட்டியல் நிலவரத்தை வைத்துக் கணிப்பது வீண்.

படி 6: ஆட்டத்துக்கு முன் பத்து நிமிட வேலை

முதலில் மஞ்சள் அட்டைக் கணக்கு. பிரசிலெய்ராவில் மூன்று மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. இரண்டு மஞ்சளோடு இருப்பவரைத் ‘தொங்குகிறவர்’ என்ற பொருளில் ‘பெண்டுராடு’ என்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஊடகங்கள் இந்தப் பட்டியலைத் தனியாகவே தரும். அடுத்த வாரம் பகை ஆட்டம் இருந்தால், தொங்கும் வீரர்களைப் பயிற்சியாளர் இந்த வாரம் வெளியே உட்கார வைப்பார். அது காயம் அல்ல, கணக்கு.

இரண்டாவது, பதிவு. புதிதாக வாங்கிய வீரர் விமான நிலையத்தில் ரசிகர்கள் தோளில் ஏறி வந்திருப்பார். ஆனால் சிபிஎஃபின் அன்றாடப் பதிவேடான ‘பிஐடி’யில் பெயர் ஏறாமல் அவரால் ஆட முடியாது. ‘ஏன் இன்னும் இறக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் விடை. வெளிநாட்டு வீரர்களுக்கும் வரம்பு உண்டு. 2024 முதல் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது பேர்.

மூன்றாவது, வாரநடு ஆட்டம். லிபெர்டடோரஸ் நாக்-அவுட் நெருங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் லீகுக்கு மாற்று அணி இறங்குவது வழக்கம். பிரேசில் கிளப்புகள் அந்தக் கோப்பையை எவ்வளவு பெரிதாக நினைக்கின்றன என்பதற்கு, 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டும் அதை அவர்களே வென்றதே சாட்சி.

நான்காவது, தரை. பால்மெய்ராஸ், போட்டஃபோகோ, அத்லெட்டிகோ பரனயென்சே, அத்லெட்டிகோ மினெய்ரோ ஆகியவற்றின் மைதானங்கள் செயற்கைப் புல். பந்து வேகமாக வழுக்கும். முழங்கால் தொந்தரவு உள்ள மூத்த வீரர்களைச் சில அணிகள் அங்கே அழைத்தே போவதில்லை.

ஆட்டம் முடிந்தபின் நடுவரின் அறிக்கை சிபிஎஃப் தளத்தில் ஏறும். யாருக்கு ஏன் அட்டை, கூட்டத்திலிருந்து என்ன எறிந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2019 முதல் காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறையான விஏஆர் உண்டு. சர்ச்சையான முடிவுகளின் ஒலிப்பதிவும் வெளியாகும். சமூக வலைத்தளச் சண்டையில் இறங்கும் முன் அதைக் கேளுங்கள்.

படி 7: முதல் பாதியை வைத்து முடிவு கட்டாதீர்கள்

முதல் 19 சுற்று ‘டுர்னோ’, அடுத்த 19 ‘ரெட்டுர்னோ’. நடுவில் ஐரோப்பாவின் கோடைக்கால வீரர் பரிமாற்றச் சந்தை திறக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் அது மூடும்போது பல அணிகளின் முதுகெலும்பே போயிருக்கும். எண்ட்ரிக் 2024 நடுவில் ரியல் மாட்ரிட்டுக்கும், எஸ்டெவாவ் 2025 நடுவில் செல்சிக்கும் போனது பால்மெய்ராஸின் சீசன் பாதியில்தான். பயிற்சியாளர்களும் நிலைப்பதில்லை. ஒரு சீசனில் ஒரே ஒரு முறைதான் பயிற்சியாளரை நீக்கலாம் என்று 2021இல் விதியே போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 2020 இறுதியில் பால்மெய்ராஸுக்கு வந்த போர்ச்சுகல்காரர் அபெல் ஃபெரெய்ரா ஆண்டுக்கணக்கில் நீடித்தது இங்கே பெரிய விதிவிலக்கு.

2023ஐ நெருங்கிப் பாருங்கள். போட்டஃபோகோ முதல் 19 ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்தது. இரண்டாமிடத்தைவிட 13 புள்ளி முன்னே. அதற்குள் அவர்களின் பயிற்சியாளர் லூயிஸ் காஸ்ட்ரோ சவூதிக்குப் போய்விட்டிருந்தார். நவம்பர் 1 அன்று சொந்த மைதானத்தில் பால்மெய்ராஸுக்கு எதிராக இடைவேளையில் 3-0. பிறகு 17 வயது எண்ட்ரிக் ஒரு கோலைத் திருப்பினார். போட்டஃபோகோ தடுப்பாளர் அட்ரியெல்சன் சிவப்பு அட்டையில் வெளியேறினார். 3-1இல் போட்டஃபோகோவின் டிக்கின்யோ சோரெஸுக்குக் கிடைத்த பெனால்ட்டி வீணானது. அதன்பின் எண்ட்ரிக் மீண்டும், அடுத்து லோப்பஸ், கூடுதல் நேரத்தில் முரிலோ: 3-4. அந்த ஆட்டத்துக்குப் பிறகு சீசன் முடியும்வரை போட்டஃபோகோ ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. கிரேமியோவிடம் 3-1 முன்னிலையையும் சுவாரஸின் ஹாட்ரிக்கில் இழந்தது. மொத்தம் 64 புள்ளி, ஐந்தாமிடம். அதாவது இரண்டாம் பாதியில் வெறும் 17. பட்டம் 70 புள்ளியோடு பால்மெய்ராஸுக்கு. அதே போட்டஃபோகோ அடுத்த ஆண்டே 79 புள்ளியோடு லீகையும், கூடவே லிபெர்டடோரஸையும் வென்றது.

எனவே 19ஆம் சுற்றில் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். 20ஆம் சுற்றிலிருந்து தனியாக இன்னொரு பட்டியல் போடுங்கள். இரண்டாம் பாதியை மட்டும் காட்டும் அந்தப் பட்டியல்தான் அக்டோபரில் உண்மை பேசும்.

நேரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு

20,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானங்களில் 2025 நடுவிலிருந்து முக அடையாளம் கட்டாயம். கிளப்பின் தளத்தில் ஆவண எண்ணோடு முகத்தைப் பதிந்தபின்தான் டிக்கெட். வாசலில் யாராவது விற்கும் டிக்கெட்டை வாங்கி உள்ளே போக முடியாது. பாஸ்போர்ட் எண்ணை ஏற்கிறார்களா என்று கிளப்பிடம் பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய ஆட்டங்களுக்குச் சந்தாதார ரசிகர்களுக்குத்தான் முதலுரிமை. மிச்சம் இருந்தால்தான் பொது விற்பனை. சாவ் பாலோ மாநிலத்துப் பெரிய அணிகளின் பகை ஆட்டங்களில் 2016 முதல் சொந்த ஊர் அணி ரசிகர்களுக்கு மட்டுமே அனுமதி. விருந்தினர் அணியின் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

படி 8: கடைசிப் பத்துச் சுற்று

இங்கே 45 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள்: 45 புள்ளி எடுத்தால் கீழே இறங்க மாட்டாய். நல்ல அளவுகோல், உத்தரவாதம் அல்ல. 2009இல் கொரிட்டிபா 45 எடுத்தும் இறங்கியது. மறுபக்கம், 2019இல் சியரா 39இல் தப்பியது. 2023இல் பாஹியாவும் 2025இல் இன்டர்நேசியொனலும் 44இல் தப்பின.

கணக்கு போடும் முறை இது. 30 சுற்று முடிவில் உங்கள் அணி 34 புள்ளி என்று வையுங்கள். தேவை 11, மீதம் 8 ஆட்டம், 24 புள்ளி. 11ஐ 24ஆல் வகுத்தால் 46 சதவீதம். இதுவரை எடுத்தது 90க்கு 34, அதாவது 38 சதவீதம். அப்படியானால் இதுவரை ஆடியதைவிட நன்றாக ஆடினால்தான் தப்பலாம். அடுத்து மீதமுள்ள எட்டில் எத்தனை சொந்த ஊரில், எத்தனை நேரடிப் போட்டியாளரோடு என்று பாருங்கள். இசட்-4இல் உள்ள எதிரணியை வென்றால் உனக்கு மூன்று வரும், அவனுக்கு மூன்று போகும். எதிரணி ஏற்கெனவே நிம்மதியான இடத்தில், கோப்பை இறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கணக்கிட நேரமில்லாதவர்களுக்கு, மினாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை ஒவ்வொரு அணியின் வாய்ப்பையும் சதவீதமாக வெளியிடுகிறது.

பட்டத்துக்கு இப்படியொரு நிலையான எண் கிடையாது. 2009இல் ஃபிளமெங்கோவுக்கு 67 போதுமாக இருந்தது. 2019இல் அதே அணி 90 எடுத்தது. 2020 சீசனின் கடைசிச் சுற்றில் ஃபிளமெங்கோ சாவ் பாலோவிடம் தோற்றது. ஒரு கோல் அடித்திருந்தால் இன்டர்நேசியொனல் சாம்பியன். கொரிந்தியன்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் பந்து வலைக்குள்ளும் போனது, ஆஃப்சைடு என்று ரத்தானது. 71க்கு 70. கடைசிச் சுற்றில் முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு திரையில் உங்கள் அணியும் இன்னொன்றில் போட்டியாளரும் என்று இரண்டு திரை வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் தாளை மூடிவிடாதீர்கள். 2013இல் சாவ் பாலோ நகரத்து போர்ட்டுகேசா 48 புள்ளியோடு தப்பிவிட்டதாகத்தான் களத்தில் முடிந்தது. ஆனால் கடைசி ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்றாக இறங்கிய வீரருக்கு, இரண்டு நாள் முன்பு விளையாட்டு நீதிமன்றமான எஸ்டிஜேடி விதித்த தடையில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. தண்டனை: மூன்று புள்ளியும், அந்த ஆட்டத்தில் எடுத்த ஒரு புள்ளியும் பறிப்பு. 48 என்பது 44 ஆனது. 46 புள்ளியோடு இறங்கியிருந்த ஃபுளுமினென்சே மேலே தங்கியது. அதே சுற்றில் இதே தவறைச் செய்த ஃபிளமெங்கோவும் நான்கு புள்ளி இழந்து 45இல் நூலிழையில் தப்பியது. போர்ட்டுகேசா அதன்பின் செரி ஏவுக்குத் திரும்பவேயில்லை. ஆகவே கடைசிச் சுற்று முடிந்தபின் இரண்டு வாரம் எஸ்டிஜேடி செய்தியையும் பாருங்கள். பட்டியல் உறுதியானபின் இறங்கிய நான்கையும் ஏறி வந்த நான்கையும் மாற்றி எழுதி, ஜனவரி மாநிலப் போட்டிகளுக்குப் புதுத் தாள் போடுங்கள்.